நோன்பு முறித்த லென்ஸ்

அலெக்ஸாந்திரியாவில் அந்தக் குளிர்காலத்தில் ரொட்டிக் கடையில்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. அத்தாரீன் சந்தைக்குப் பின்னால், ஹாஜி மர்ஸூக் வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்தே வரிசை. ஆளாளுக்கு ஒரு கேமராவைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணப் படக்காரர்கள், பாஸ்போர்ட் படம் எடுப்பவர்கள், கடற்கரைச் சாலையில் காதலர்களை மறித்து நிறுத்திப் படம் பிடிப்பவர்கள் என்று படத்தொழிலே அங்கே திரண்டிருந்தது. எல்லோருடைய கேமராவுக்கும் ஒரே நோய். லென்ஸுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி: கண் போட்டது யார்?

கேமராவுக்குக் கண் என்றால் அது லென்ஸ்தான். அந்தக் கண்ணுக்கே கண் பட்டுவிட்டதாம். ஹாஜி இப்படிச் சொன்னதும் ஊரே வாயைப் பிளந்தது. சொல் ஜோடி நன்றாகப் பொருந்திவிட்டால் போதும், விஷயம் உண்மையா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

எனக்கு அத்தாரீனில் பழைய கேமரா வியாபாரம். அந்த நூலை நான் தினமும் பார்க்கிறேன். கடலோர ஊர் இது. மழைக்காலம் முழுக்கச் சுவர் வியர்க்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பு ஒரே மாதத்தில் பச்சைக் கம்பளி போர்த்திக்கொள்ளும். தோல் உறைக்குள் திணித்து, இருட்டில் மூடிவைத்த கேமரா மட்டும் தப்பித்துவிடுமா? ஆனால் பாருங்கள், செருப்பில் பூத்தால் அது பூஞ்சை. லென்ஸில் பூத்தால் மட்டும் கண்ணேறு. செருப்பைப் பார்த்துப் பொறாமைப்பட ஆளில்லை போலிருக்கிறது.

இந்தக் கூத்து ஒரு சொல்லில் தொடங்கியது. சந்தையில் கேமரா பழுது பார்க்கிறவர் கவாஜா ஹ்ராந்த். ஆர்மீனியர்; அயல்நாட்டுக்காரரை எங்கள் ஊரில் கவாஜா என்போம். பேச்சைச் செலவழிக்கவே மாட்டார். கேமராவைத் திறந்து பார்த்து, உள்ளே பூஞ்சை இருந்தால் ஒரு சீட்டில் அதை எழுதி ஒட்டிவிடுவார். எங்கள் அரபியில் பூஞ்சைக்கு ‘ஃபுத்ர்’, நோன்பு முறிப்பதற்கு ‘ஃபித்ர்’. எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். உகரமா இகரமா என்று காட்டுகிற குறியை யாரும் போடுவதில்லை, ஹ்ராந்த் நிச்சயம் போடமாட்டார். ரமலான் மாதத்தில் அப்படி ஒரு சீட்டு மர்ஸூக் கையில் சிக்கியது. அதுவரை அவர் வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார். அதைத் தேய்த்தவர்கள் இன்றைக்கும் தொப்பி இல்லாமல் வெளியே வருவதில்லை.

சீட்டைப் படித்ததும் மர்ஸூக் நடுச்சந்தையில் கத்தினாரே ஒரு கத்தல்!

“லென்ஸ் நோன்பை முறிச்சிருச்சு! ஊரே பசியோட இருக்கையில இது எவளோட பொறாமையையோ தின்னுருக்கு! வயித்துல நூல் நூலா நிக்குது பாருங்க!”

ஹ்ராந்த் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். “அது பூஞ்சை. துடைச்சா போயிரும்,” என்றார். உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் விரோதி யாரும் இல்லை, ஜின் இல்லை, மாமியார் இல்லை. அப்படிப்பட்ட பதிலுக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? எங்கள் பள்ளிவாசல் இமாம்கூட, “கண்ணாடிக்கும் பித்தளைக்கும் ஏதுய்யா நோன்பு? மார்க்கத்துல இல்லாததைப் பேசாதீங்க,” என்று கண்டித்தார். இமாமுக்கும் பொறாமை என்று ஊர் முடிவு செய்தது. மர்ஸூக் ஹாஜியான கதையையும் யாரும் கேட்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரை சூயஸ் துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு வந்தவர் அவர். வரும்போது பட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வைத்தியமுறை இதுதான். லென்ஸைக் கழற்றிப் பித்தளைத் தட்டில் வைப்பார். பின்னால் மெழுகுவர்த்தி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்ப்பார். நூல் ஓடுகிற விதத்தைப் படித்து, கண் போட்டவரின் பெயரில் முதல் எழுத்தைச் சொல்வார். அதற்கு முன்னால் சும்மா ஒரு பேச்சுக்கு, “வீட்டுல யாருக்கும் உன் மேல மனத்தாங்கல் உண்டா மகனே?” என்று விசாரிப்பார். அப்புறம் கேமராவைக் கறுப்புப் பெட்டியில் போட்டு நோன்பு வைப்பார். மட்டமான கேமராக்கள் தேறித் திரும்பி வரும். நல்ல கேமராக்கள் தேறாது. “இதுல ஏறுன கண்ணு இறங்காது. கடலுக்குத்தான்,” என்று உதட்டைப் பிதுக்கிவிடுவார். ஜின்னுக்கும் ஜெர்மன் சாமான்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அன்ஃபூஷி பாறைகளில் அடக்கம். தேறாத கேமராக்கள் எல்லாம் ஒரு சாக்கில் இருக்கும். சொந்தக்காரர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி நிற்க வேண்டும். எவனாவது திரும்பிப் பார்த்தால், கடலுக்குப் போகிற கண் அவன் கண்ணில் ஏறி, பார்வையே போய்விடும். ‘தொபுக்’ என்று சத்தம் கேட்கும். அழுவார்கள். ஹாஜிக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இந்த வரிசையில்தான் ஃபிக்ரியும் போய் நின்றான். ஃபிக்ரி என்றால் சிந்தனைக்காரன் என்று பொருள். பெற்றவர்கள் ஏதோ ஆசையில் வைத்துவிட்டார்கள். கர்மூஸ் பகுதியில் கல்யாணப் படம் எடுக்கிறவன். நல்ல ஜெர்மன் கேமரா, சோறு போடுகிற கேமரா. அதில் எடுத்த கடைசிக் கல்யாணத்தில் மணப்பெண் குளியலறை ஆவிக்குள் நிற்கிற மாதிரி விழுந்திருந்தாள். பெண்ணின் தகப்பன் ஆல்பத்தை அவன் முகத்தில் விட்டெறிந்தான். ஃபிக்ரி நேரே ஹாஜியிடம் ஓடினான்.

“வீட்டுல யார் யார் இருக்காங்க மகனே?”

“நானு, என் சம்சாரம் ஸாஃபினாஸ், அப்புறம் எங்கக்கா. புருஷன் தலாக் சொல்லிட்டான், எங்ககூடத்தான் இருக்கு.”

“ம்... அக்கா பேரு?”

“இன்ஷிராஹ்.”

ஹாஜி மெழுகுவர்த்தியை நகர்த்தினார். பெருமூச்சு விட்டார். “அலிஃப். நட்டுக்க நிக்குது பாரு. பேரு அலிஃப்ல தொடங்குற பொம்பளை. ஒரே கூரைக்குள்ள இருக்கா. இதுக்கு மேல என்னைக் கேக்காதே.”

அலிஃப் என்பது எங்கள் எழுத்துகளிலேயே சுலபமானது. ஒரு கோடு, அவ்வளவுதான். சூப்பில் மயிர் விழுந்தால் அதுவும் அலிஃப்தான். ஆனால் ஃபிக்ரி அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். ஸாஃபினாஸ் அழவில்லை. அக்கா படுக்கிற அறை மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

“மதினி, உங்க தம்பி சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். வெள்ளிக்கிழமை கேமரா கடலுக்குப் போகுது. அதோட நீங்களும் தமன்ஹூருக்கு உங்க சித்தி வீட்டுக்குப் போயிருங்க. எங்களுக்குப் பொழைப்பு வேணும்.”

இன்ஷிராஹ் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். “நீ சொல்லுடா ஃபிக்ரி. நானா கண்ணு போட்டேன்?”

ஃபிக்ரி தரையைப் பார்த்தான். “நான் சொல்லலக்கா. லென்ஸ் சொல்லுது.”

அந்தச் சித்தி வீட்டில் ஏற்கனவே ஏழு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். தையல் இயந்திரத்துக்கு அங்கே இடமில்லை. அந்த இயந்திரம் இல்லாவிட்டால் இன்ஷிராஹுக்குச் சொந்தச் சம்பாத்தியம் இல்லை. நாற்பது வயதில் ஊர் வீட்டு எடுபிடியாகக் காலம் தள்ள வேண்டியதுதான். எனக்கு அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து தெரியும். விஷயம் அன்று இரவே என் காதுக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவளே என் கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் உதட்டோரத்தில் ஒரு குறும்பு.

“அண்ணே, பூஞ்சை பிடிச்ச லென்ஸ் ஒண்ணு இரவல் குடுங்க.”

“எத்தனை வேணும்? கடையே அதுதான்.”

பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு நூல், பக்கத்தில் ஒரு புள்ளி. வெளிச்சத்தில் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்புவது மாதிரி மெதுவாகத் திருப்பினாள். திடீரென்று சிரித்தாள்.

“அண்ணே, இதுக்குத் தலை எது, கால் எது?”

“லென்ஸ் வட்டம்மா. அதுக்கேது தலையும் காலும்?”

“அதான் கேட்டேன். இப்படிப் பிடிச்சா நிக்குற கோடு, அலிஃப். படுக்கப் போட்டா, கோட்டுக்குக் கீழ புள்ளி, பே. கவுத்துப் போட்டா புள்ளி மேல வந்துருது, நூன். ஒரே பூஞ்சை, மூணு எழுத்து. எங்க பள்ளிக்கூட வாத்தியாருக்கே இவ்வளவு எழுத வராது.”

லென்ஸின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். அவளுடைய கட்டடத்தில் கீழ் வீட்டு உம்மு வஜ்தியும் மேல் வீட்டு தஹானியும் அவளுக்குக் கூட்டாளிகள். முதலில் உம்மு வஜ்தி லென்ஸோடு ஹாஜியிடம் போனாள். தன் மருமகள் பஹீஜா மேல்தான் சந்தேகம் என்று மூக்கைச் சிந்தினாள். ஹாஜி பார்த்தார். “பே! படுத்துக் கெடக்குது பாரு, பாம்பு மாதிரி!” அடுத்த நாள் தஹானி அதே லென்ஸைக் கொண்டுபோய், வீட்டுக்காரி நபவிய்யா மேல் புகார் சொன்னாள். ஹாஜி பார்த்தார். “நூன்! உச்சந்தலையில புள்ளி! கொள்ளிக்கண்ணு!” சிவப்புப் பொட்டை அவர் கவனிக்கவே இல்லை. லென்ஸைப் பார்த்தால்தானே கவனிப்பதற்கு? அவர் எப்போதும் பார்ப்பது எதிரே நிற்கிறவரின் முகத்தை.

அன்று சாயங்காலம் ஃபிக்ரி வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்; ஹாஜியிடம் நடந்ததை இரண்டு பெண்களும் அங்கே நடித்தே காட்டினார்கள். உம்மு வஜ்தி ஒரு கண்ணை மூடி ஹாஜி மாதிரிப் பெருமூச்சு விட்டபோது நான் தேநீரைக் கொட்டிக்கொண்டேன். இன்ஷிராஹ் லென்ஸைத் தம்பியின் கையில் வைத்தாள்.

“திருப்பிப் பாருடா. உன் அக்காவும் இதுலதான் இருக்கா, பஹீஜாவும் இருக்கா, நபவிய்யாவும் இருக்கா. இன்னும் கொஞ்சம் திருப்பினா நீயே இருப்பே.”

ஃபிக்ரி திருப்பினான். மறுபடி திருப்பினான். அவன் முகத்தில் ஏதோ வெளிச்சம் வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் ஸாஃபினாஸ் அதை ஊதி அணைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா? ஒரே லென்ஸை மூணு எழுத்தா மாத்திக் காட்டுதுன்னா, எவ்வளவு பொல்லாத கண்ணா இருக்கணும்!”

“ஆமாக்கா,” என்றான் ஃபிக்ரி, தரையைப் பார்த்து. “அதுவும் சரிதானே.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் சொல்கிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு முட்டுக்கொடுக்கத் தன் மூளையை வாடகைக்கு விடுகிறவனை என்ன செய்வது? ஆனால் இன்ஷிராஹ் கத்தவில்லை. லென்ஸைத் தம்பியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“சரி. நான்தான் கண்ணு. ஒத்துக்கறேன். வெள்ளிக்கிழமை நானும் அன்ஃபூஷிக்கு வர்றேன். அங்கேயிருந்தே தமன்ஹூர் பஸ் ஏறிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை நல்ல காற்று. அலை பாறையில் மோதித் தெறித்தது. அறுபது எழுபது பேர் இருப்பார்கள், ஃபிக்ரியோடு ஸாஃபினாஸும் வந்திருந்தாள். நானும் கடையை மூடிவிட்டுப் போயிருந்தேன், ஹ்ராந்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். ஹாஜியின் மச்சானுடைய டாக்ஸி பாறையோரமாகப் பின்புறத்தைக் கடலுக்குக் காட்டி நின்றது. தேறாத கேமராக்களை ஹாஜி ஒவ்வொன்றாக முத்தமிட்டுச் சாக்கில் போட்டார். ஃபிக்ரியின் கேமராவை மட்டும் இரண்டு முறை முத்தமிட்டார்.

“எல்லாரும் திரும்புங்க! கண்ணை மூடுங்க! குருடாகணும்னு ஆசை இருக்கிறவன் மட்டும் பாக்கலாம்!”

எல்லோரும் திரும்பினார்கள். நானும் ஒப்புக்குத் திரும்பினேன், கண்ணை மட்டும் மூடவில்லை. ஒருத்தி திரும்பவில்லை. கையில் துணிப்பெட்டியோடு, ஹாஜிக்கு நேர் எதிரே நின்றாள்.

“திரும்பும்மா!” என்றார் ஹாஜி.

“நான் எதுக்கு ஹாஜியாரே திரும்பணும்?”

“கண்ணு உன் மேல ஏறிடும்!”

“நான்தானே அந்தக் கண்ணு? இன்ஷிராஹ், அலிஃப். நீங்க படிச்சது. என் கண்ணு என் மேல எப்படி ஏறும்? சொந்த வீட்டுக்கு வர்ற மாதிரி வரட்டும்.”

ஹாஜி அதுவரை அவளைப் பார்த்ததே கிடையாது. பார்க்காத பெண்ணுக்குத்தான் கண்ணேறு சாட்டியிருந்தார். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டே முணுமுணுத்தது. “அதானே, கண்ணுக்கு எப்படிக் கண்ணு படும்?” என்று யாரோ கேட்டார்கள். ஹாஜியின் சொந்தச் சட்டப்படியே அவள் பார்க்கலாம். வேறு வழியில்லாமல், முடிந்த மட்டும் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினால் காணிக்கை போய்விடும்.

இன்ஷிராஹ் உரத்த குரலில் சொல்லத் தொடங்கினாள்.

“யாரும் திரும்பாதீங்க! குருடாயிருவீங்க! நான் சொல்றேன், காதால கேட்டுக்கங்க. ஹாஜியார் சாக்கைத் தூக்குறாரு. கடல் பக்கம் போகலை, டாக்ஸி பக்கம் போறாரு. மச்சான் டிக்கியைத் திறக்குறாரு...”

“பொய்! பொய் சொல்றா!” என்றார் ஹாஜி.

“சாக்கு டிக்கிக்குள்ள போச்சு. அங்கேயிருந்து இன்னொரு சாக்கு வருது. அது கொஞ்சம் சின்னது. மச்சான் கால்ல போட்டுக்கிட்டாரு பாவம், நொண்டுறாரு.”

முதுகு காட்டி நின்ற கூட்டம் நெளிந்தது. கழுத்துகள் துடித்தன. அவ்வளவு பேர் கழுத்து அரிக்கிறதை ஒரே நேரத்தில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவரும் திரும்பவில்லை.

“அக்கா,” என்றான் ஃபிக்ரி, கண்ணை இறுக்கி மூடியபடி. “என் கேமரா?”

“அதை மட்டும் சாக்குலேருந்து தனியா எடுத்துட்டாங்கடா. துண்டு சுத்தி முன்சீட்டுல வெச்சிருக்காங்க. ரொம்ப மரியாதை.”

‘தொபுக்’ என்று சத்தம் கேட்டது. ஃபிக்ரி திரும்பிவிட்டான்.

கண் போகவில்லை. எதிரே அவன் அக்கா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் டிக்கியை அவசரமாக மூடுகிற ஹாஜி தெரிந்தார். “எனக்குத் தெரியுது! டேய், எனக்கு எல்லாம் தெரியுது!” என்று ஃபிக்ரி கத்திய கத்தலில் மொத்தக் கூட்டமும் திரும்பியது.

பாறையிடுக்கில் மாட்டியிருந்த சாக்கை இரண்டு மீனவர்கள் இழுத்துப் போட்டார்கள். உள்ளே செங்கலும், வார் அறுந்த ஒற்றைச் செருப்பும் இருந்தன. டிக்கியில் அன்றைய சாக்கு மட்டுமா, போன வாரத்துக் கேமராக்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நூல் இல்லை, மங்கல் இல்லை. கெய்ரோவில் விற்பதற்கு அழகாகக் காகிதம் சுற்றியிருந்தது. ஓரத்தில் மருந்துக்கடைப் பாட்டில் ஒன்று, காயத்துக்குப் போட்டால் நுரைக்குமே, அந்தப் பெராக்சைடு. பஞ்சும் இருந்தது. ஜின் ஓட்டுகிற சாமான் அவ்வளவுதான்.

ஹ்ராந்த் ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “நல்லா துடைச்சிருக்கான். பூஞ்சை கண்ணாடியை அரிக்கிறதுக்கு முன்னாடியே துடைச்சிருக்கான். ஒழுங்கா கடை போட்டிருந்தா என் பொழைப்பைக் கெடுத்திருப்பான்,” என்றார். அந்த வருஷத்திலேயே அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

போலீஸ்காரர் வரும்வரை ஹாஜி விடாமல் கூவினார். “பாத்தீங்களா? இவ கண்ணு பட்டுத்தான் என் தொழில் போச்சு!” இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டியதையும் நான் பார்த்தேன். அதில் ஸாஃபினாஸ் இல்லை. அவள் கடலை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிக்ரி அக்காவின் முன்னால் வந்து நின்றான். “வீட்டுக்கு வாக்கா. மன்னிச்சிரு.”

“வர்றேன். நம்ம அப்பா வீட்டுக்கு நான் வர்றதுக்கு உன் லென்ஸைக் கேட்கணுமா? பெட்டியைத் தூக்கு. கர்மூஸ் வரைக்கும் நடந்தே வா, தெருவே பாக்கட்டும்.”

அவன் தூக்கிக்கொண்டான். அவர்கள் கிளம்பும்போது, கூட்டத்திலிருந்து பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஒரு தாடிக்காரர் ஓடிவந்தார். தன் கேமராவை இரண்டு கையாலும் இன்ஷிராஹிடம் நீட்டினார். கண்ணில் அதே பழைய பக்தி.

“தாயே, இத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதே! பெரிய சக்தி! எனக்கு யார் கண்ணு போட்டாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

இன்ஷிராஹ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“சக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல பெரியவரே. எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க, நான் பாத்தேன். அவ்வளவுதான். உங்களுக்கும் கழுத்து இருக்குல்ல? திரும்பிப் பாக்குறதுக்குத்தான் அதை வெச்சிருக்கு.”

அவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது.